எதிரியற்ற வானத்துக்கு ஒரு விமானம்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மிலான் நகரை ஒட்டிய தாலியேதோவில் காப்ரோனி நிறுவனத்தின் விமான ஆலை இருந்தது. 1934ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மூன்று எஞ்சின்கள் கொண்ட ஒரு விமானத்தைப் பறக்கவிட்டது. அதன் பெயர் காப்ரோனி 133. இத்தாலிய விமானப்படையின் ஏடுகளில் அது குண்டுவீச்சு விமானமாகவும் போக்குவரத்து விமானமாகவும் ஒருசேரப் பதிவாயிற்று. இரண்டு வேலைகளையும் ஒரே இயந்திரத்துக்கு ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேடினால், பொறியியலில் தொடங்கிக் காலனியத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் பொறியைப் பார்ப்போம். இறக்கையின் விரிவு 21 மீட்டருக்குச் சற்று மேல். உடலின் நீளம் 15 மீட்டருக்குச் சற்று மேல். மூக்கில் ஓர் எஞ்சின், இறக்கைகளின் கீழ் பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 460 குதிரைத்திறன் கொண்ட பியாஜ்ஜியோ எஞ்சின். உடற்கூடு பற்றவைக்கப்பட்ட எஃகுக் குழாய்களால் ஆனது. அதன்மேல் சில இடங்களில் உலோகத் தகடும் பிற இடங்களில் துணியும் போர்த்தப்பட்டன. இறக்கை உடலின் உச்சியில் பொருத்தப்பட்டிருந்தது. சக்கரங்கள் மடங்கி உள்ளே செல்லாதவை. பறக்கும்போதும் கீழே தொங்கிக்கொண்டேயிருக்கும். தற்காப்புக்கு 7.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிகள் நான்கு. வேகம் மணிக்குச் சுமார் 265 கிலோமீட்டர். குண்டுகளை இறக்கிவிட்டால் அதே வயிற்றில் 18 படைவீரர்கள் உட்காரலாம். விமானிகள் அதைச் செல்லமாகவும் கேலியாகவும் "காப்ரோனா" என்று அழைத்தார்கள். நிறுவனத்தின் பெயரை வைத்துச் செய்த அச்சிலேடைக்குப் பெட்டை ஆடு என்று பொருள். "பசு" என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு.

பழமையான வடிவம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. அதே 1934ஆம் ஆண்டில் சோவியத் யூனியனில் துப்பொலெவ் குழுவினர் முழுவதும் உலோகத்தாலான, சக்கரங்கள் உள்ளிழுக்கப்படும், மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டும் எஸ்.பி. குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் மார்ட்டின் நிறுவனத்தின் பி-10 படையில் சேர்ந்துவிட்டது. அவற்றின் அருகில் நிறுத்தினால் காப்ரோனி ஒரு மாட்டுவண்டி. ஆனால் இத்தாலியப் பொறியாளர்களுக்கு அறிவு குறைவு என்று இதிலிருந்து முடிவுகட்டக்கூடாது. 1933ஆம் ஆண்டில் இருபத்துநான்கு கடல்விமானங்களை அணிவகுத்து அட்லாண்டிக்கைக் கடக்கச் செய்த நாடு அது; கடல்விமானங்களின் உலக வேகச் சாதனையை 1934இல் கைப்பற்றிய நாடும் அதுவே. வேகமான விமானம் செய்யத் தெரிந்தவர்கள் மெதுவான விமானத்தை ஏன் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த விமானம் காலனிக்காகச் செய்யப்பட்டது. அக்காலத்து இத்தாலியர்கள் இத்தகைய விமானங்களை வெளிப்படையாகவே "காலனிய வகை" என்று குறித்தார்கள். வடிவத்தின் ஒவ்வோர் அம்சத்தையும் அந்தச் சொல்லை வைத்து விளக்கிவிடலாம். எஃகுக் குழாயும் துணியும் எதற்கு? பாலைவனத்து ஓடுதளத்தில் பழுதானால் பற்றவைக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியும் கொஞ்சம் துணியும் பசையும் இருந்தாலே மீண்டும் பறக்கவிடலாம். அலுமினியத் தகட்டு உடலென்றால் அது நடக்காது. மடங்காத சக்கரங்கள் எதற்கு? கல்லும் முள்ளும் நிறைந்த தரையில் இறங்கினால் சிக்கலான மடக்கு அமைப்பு உடைந்துபோகும். இறக்கை உச்சியில் எதற்கு? கீழேயுள்ள நிலத்தைத் தடையின்றிப் பார்க்கலாம். இறக்கை புதர்களில் உரசாது. மூன்று எஞ்சின்கள் எதற்கு? அஸ்மாராவும் அடிஸ் அபாபாவும் கடல்மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கின்றன. மெலிந்த காற்றில் எஞ்சினின் வலு குறையும். மலைகளுக்கிடையே ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்ற இரண்டும் காப்பாற்ற வேண்டும். இவை யாவும் நியாயமான, கெட்டிக்காரத்தனமான முடிவுகளே.

ஆனால் இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எதிரிக்கும் விமானம் இருந்தால் என்ன ஆகும்? துணி போர்த்திய மெதுவான விமானத்தைப் போர்விமானம் ஒன்று துரத்திச் சுட்டால் என்ன ஆகும்? யோசிக்க மறந்தார்கள் என்பதல்ல, யோசிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். கீழே இருக்கும் மக்களுக்கு நிலம் உண்டு, வானம் கிடையாது என்ற அனுமானம் வரைபடத்தில் எஃகுக் குழாய்களோடு சேர்த்து வரையப்பட்டிருந்தது. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பார்கள். எதிர்க்க விமானமில்லாத ஊருக்கு இந்தக் காப்ரோனியே பெரும் வல்லமை.

விமானத்திலிருந்து மக்கள்மீது குண்டு போடுவதை உலகில் முதலில் செய்ததும் இத்தாலிதான், அதுவும் ஒரு காலனியில். 1911 நவம்பர் 1ஆம் நாள் லிபியாவில் ஜூலியோ கவோத்தி என்ற இராணுவ அதிகாரி தம் விமானத்திலிருந்து கையால் சிறு குண்டுகளை வீசினார். பிறகு ஜூலியோ தூஹே என்ற இராணுவ அதிகாரி வந்தார். வருங்காலப் போர்களைக் குண்டுவீச்சு விமானங்களே தீர்மானிக்கும், படையையல்ல ஊர்களையே தாக்க வேண்டும் என்று கோட்பாடு வகுத்தவர் அவர். முதல் உலகப் போரில் இத்தாலி நுழையும் முன்பே, மேலிடத்து அனுமதியின்றிக் காப்ரோனியிடம் குண்டுவீச்சு விமானம் செய்யச் சொன்னதற்காகத் தம் பதவியை இழந்தவரும் அவரே. இவ்வாறு, தளபதியின் கோட்பாடும் முதலாளியின் ஆலையும் தொடக்கத்திலேயே கைகோத்திருந்தன. பாசிசம் வந்து அந்தக் கூட்டுக்கு வரம்பற்ற அரசுப் பணத்தைத் திறந்துவிட்டது. காப்ரோனி 133 மட்டும் 400க்கும் மேல் கட்டப்பட்டது.

1935 அக்டோபர் 3ஆம் நாள் போர்ப் பிரகடனம் ஏதுமின்றி இத்தாலியப் படைகள் எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தன. அன்றே அத்வா நகரின்மீது குண்டுகள் விழுந்தன. 1896இல் இத்தாலியப் படையை எத்தியோப்பியர்கள் முறியடித்த இடம் அது. நாற்பதாண்டுப் பழியை வானிலிருந்து தீர்த்துக்கொண்டார்கள். படையெடுப்பின் தொடக்கத்தில் காப்ரோனி 133க்கு முந்தைய வடிவமான காப்ரோனி 101 முன்னணியில் இருந்தது. புதிய 133 விரைவில் வந்து சேர்ந்தது. கூடவே சவோயா-மார்கெட்டி நிறுவனத்தின் 81 என்ற விமானமும் வந்தது. முஸோலினியின் மகன்கள் விட்டோரியோவும் புரூனோவும் விமானிகளாக வந்தார்கள். மருமகன் கலியாட்சோ சியானோ "லா திஸ்பெராத்தா" என்ற அணிக்குத் தலைமை தாங்கினார். சர்வாதிகாரியின் குடும்பமே குண்டு போடப் புறப்பட்டதில் ஆபத்து எவ்வளவு இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். எத்தியோப்பியாவிடம் இருந்தவை ஒரு டஜனை ஒட்டிய பழைய விமானங்கள். போர்விமானம் ஒன்றுகூட இல்லை. அந்தச் சிறு விமானப்படைக்குத் தலைவராக இருந்தவர் சிக்காகோவிலிருந்து வந்த கறுப்பின விமானி ஜான் ராபின்சன். ஆப்பிரிக்க மக்களின் சுதந்திர நாடு ஒன்று தாக்கப்படுவதைப் பொறுக்காமல் கடல் கடந்து வந்தவர் அவர். செய்தி கொண்டுசெல்வதும் ஆட்களை ஏற்றிச்செல்வதும் மட்டுமே அவரால் செய்ய முடிந்தன.

விட்டோரியோ போர் முடிந்த சூட்டோடு தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். குதிரைவீரர் கூட்டத்தின் நடுவே தம் குண்டு வெடித்துச் சிதறியதை ரோஜா மலர்வதற்கு ஒப்பிட்டு ரசித்த பகுதி அதில் இருக்கிறது. அந்த ஒப்புமைக்குப் பின்னாலும் அதே அனுமானம்தான் நிற்கிறது. திருப்பிச் சுட முடியாதவனைக் கொல்லும்போதுதான் கொலை ஒரு காட்சியாகத் தெரியும்.

போர்முனையில் இந்த விமானத்தின் இரட்டை வேலை முழுமையாக வெளிப்பட்டது. சாலைகளே இல்லாத மேட்டு நிலத்தில் முன்னேறும் படைக்கு மாவும் தண்ணீரும் தோட்டாவும் வானிலிருந்தே இறங்கின. 1936 வசந்த காலத்தில் தனாகில் பாலைவனத்தைக் கடந்து சென்ற படைப்பிரிவுக்கு உயிருள்ள ஆடுமாடுகளைப் பாராசூட்டில் கட்டி இறக்கினார்கள். கெட்டுப்போகாத இறைச்சிக்கு அதுவே வழி. இராணுவ வரலாற்றாளர்கள் இதை ஒரு புதுமை என்று வியந்து எழுதுவார்கள். புதுமை என்பது உண்மையே. ஒரு பிடி மாவு இறங்கிய அதே வயிற்றிலிருந்து மறுநாள் வேறொன்று இறங்கியது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அந்த வேறொன்று கடுகு வாயு. தோலைக் கொப்பளிக்கச் செய்து, கண்ணைக் குருடாக்கி, நுரையீரலை அரிக்கும் நஞ்சு அது. நச்சு வாயுவைப் போரில் பயன்படுத்துவதைத் தடைசெய்த 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையை இத்தாலி 1928இலேயே ஏற்று உறுதிசெய்திருந்தது. எனினும் சி.500.டி. என்ற குண்டு செய்யப்பட்டது. 280 கிலோ எடையுள்ள அதில் 200 கிலோவுக்கு மேல் கடுகு வாயுத் திரவம். தரையிலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில் அது வெடிக்கும். திரவம் மழையாகப் பொழிந்து பல நூறு மீட்டர் நீளத்துக்குப் புல்லையும் நீரையும் நனைக்கும். செருப்பில்லாத காலோடு நடந்த உழவர்படையின்மீது அது விழுந்தது. 1935 டிசம்பர் பிற்பகுதியில் டக்காசே ஆற்றுப் பக்கம் தொடங்கி, காப்ரோனி குடும்ப விமானங்களும் சவோயா-மார்கெட்டியும் அந்தச் சுமையைத் தூக்கின. ஆறுகளிலும் நீர்நிலைகளிலும் அந்த நஞ்சு கலந்தது. ஆடு மாடுகள் செத்தன. தண்ணீர் குடித்தவர்கள் செத்தார்கள்.

இதற்குப் பாசிச அரசு சொன்ன சாக்கு கவனிக்கத்தக்கது. டிசம்பர் 26ஆம் நாள் தெற்குப் போர்முனையில் டிட்டோ மின்னிட்டி என்ற இத்தாலிய விமானி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கவே கடுமையான நடவடிக்கை என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் டக்காசேயில் நஞ்சு விழுந்தது அதற்கும் சில நாட்கள் முன்பே. அதற்கும் முன்னால், அக்டோபர் 27ஆம் நாளிலேயே, எதிர்ப்பை ஒடுக்க வாயுவைப் பயன்படுத்தலாம் என்று தெற்கு முனைத் தளபதி கிராட்சியானிக்கு முஸோலினி தந்தி அடித்துவிட்டார். பழிக்குக் காரணம் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே தண்டனை தயாராகிவிட்டது. தேதிகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் ஏகாதிபத்தியப் பிரச்சாரத்துக்கு எதிரான எளிய, உறுதியான ஆயுதம்.

மருத்துவமனைகளும் தப்பவில்லை. டிசம்பர் 6ஆம் நாள் தெஸ்ஸே நகரில் விழுந்த குண்டுகளில் அமெரிக்க மருத்துவமனை சேதமடைந்தது. டிசம்பர் 30ஆம் நாள் தெற்கே டோலோவுக்கு அருகில் மெல்கா டிடாவில் இருந்த ஸ்வீடன் நாட்டுச் செஞ்சிலுவை முகாம் தாக்கப்பட்டது. முகாமின் தலைவர் டாக்டர் ஹைலாண்டர் காயமடைந்தார். அவருடைய சக ஊழியர் ஒருவரும் பல எத்தியோப்பிய நோயாளிகளும் உயிரிழந்தார்கள். 1936 மார்ச் 4ஆம் நாள் பிரிட்டிஷ் செஞ்சிலுவைப் பிரிவின் முறை வந்தது. இதில் ஒரு குரூரமான முரண் உண்டு. காப்ரோனி 133க்கு ஆம்புலன்ஸ் வடிவமும் செய்யப்பட்டிருந்தது. அதே எஃகுக் கூடு, அதே மூன்று எஞ்சின்கள், பக்கவாட்டில் சிவப்புச் சிலுவை.

1936 மார்ச் 31ஆம் நாள் மை செவ் என்ற இடத்தில் பேரரசர் ஹெய்ல் செலாசியின் கடைசிப் பெரும்படை தோற்றது. பின்வாங்கிய கூட்டம் அஷாங்கி ஏரிக்கரையை அடைந்தபோது விமானங்கள் அதன்மீது குண்டும் நஞ்சும் பொழிந்தன. மே 5ஆம் நாள் அடிஸ் அபாபா வீழ்ந்தது. ஜூன் 30ஆம் நாள் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் மேடையில் பேரரசர் அம்ஹாரிக் மொழியில் பேசினார். பார்வையாளர் மாடத்திலிருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் சீழ்க்கை அடித்து இடைமறித்தார்கள். விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து நச்சுத் தூறலை விடாமல் பொழிந்த விதத்தை அவர் விவரித்தார். அவர் ஒரு நிலப்பிரபுத்துவ மன்னர் என்பது உண்மை. அதனால் அந்தச் சாட்சியத்தின் மதிப்பு சிறிதும் குறையவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த வல்லரசுகள் என்ன செய்தன? ஒரு வாரத்துக்குள் இத்தாலி மீதான பொருளாதாரத் தடைகளை விலக்க முடிவெடுத்தன. அந்தத் தடைகளே ஓட்டைப் பானை. பல பொருள்கள் பட்டியலில் இருந்தன; எண்ணெய் மட்டும் இல்லை. மூன்று எஞ்சின் விமானம் குடிக்கும் பெட்ரோலை இத்தாலி தன் மண்ணில் எடுக்கவில்லை, கப்பலில்தான் வரவழைத்தது. சூயஸ் கால்வாயைப் பிரிட்டன் மூடவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு இத்தாலியக் கப்பல்களை அனுமதித்தது. எண்ணெயையும் தடைசெய்திருந்தால் ஒரு வாரத்தில் பின்வாங்கியிருக்க வேண்டியிருக்கும் என்று முஸோலினி பின்னாளில் ஹிட்லரிடம் சொன்னதாக, உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் பால் ஷ்மிட் பதிவு செய்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர்களின் காதில் விழுபவை சில நேரம் வரலாற்றுக்குப் பயன்படுகின்றன.

இவ்விடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். இத்தாலிக்கு எண்ணெய் விற்ற நாடுகளில் சோவியத் யூனியனும் ஒன்று. பிற நாடுகள் சேர்ந்தால் எண்ணெய்த் தடையில் தாமும் சேரத் தயார் என்று லித்வினோவ் ஜெனீவாவில் அறிவித்தார், பிறர் சேரவில்லை, விற்பனை தொடர்ந்தது. தனியாக நிறுத்தினால் அமெரிக்க, ஆங்கிலேய நிறுவனங்கள் அந்த இடத்தைப் பிடித்திருக்கும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும் கறுப்பின மக்களின் இயக்கங்களில் அது ஆழ்ந்த வடுவை ஏற்படுத்தியது. ஜார்ஜ் பாட்மோர் போன்றவர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தைப் படிக்காமல் இக்காலகட்டத்தைக் கற்றதாகக் கருத முடியாது. இதற்கு நேர்மாறாக, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் கேப்டவுனிலும் துறைமுகத் தொழிலாளர்கள் இத்தாலியப் படைக்கான சரக்கை ஏற்ற மறுத்தார்கள். எந்த அரசின் கணக்கையும் பார்க்காமல் நடந்த சர்வதேசியம் அது.

பிரிட்டன் ஏன் மழுப்பியது என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது இந்திய வாசகருக்கு நேரடியாகத் தொடர்புடையது. குண்டுவீச்சும் போக்குவரத்தும் ஒரே விமானத்தில் என்ற எண்ணம் இத்தாலியின் தனிச்சொத்து அல்ல. பிரிட்டிஷ் விமானப்படையில் "பாம்பர்-டிரான்ஸ்போர்ட்" என்றே ஒரு வகை இருந்தது. விக்கர்ஸ் விக்டோரியா என்ற அத்தகைய விமானங்கள் ஈராக்கில் நிறுத்தப்பட்டிருந்தன. 1928-29 குளிர்காலத்தில் காபூலில் சிக்கிய ஐரோப்பியர் உள்ளிட்ட 586 பேரை மலைகளைத் தாண்டி வெளியேற்றிப் புகழ்பெற்றவையும் அவையே. ஈராக்கிலும் வடமேற்கு எல்லையிலும் வரி கட்டாத ஊர்களையும் அடங்காத இனக்குழுக்களையும் வானிலிருந்து தண்டிப்பது "வான்வழிக் காவல்" என்று அழைக்கப்பட்டது. காலாட்படையை அனுப்புவதைவிட மலிவு என்பதே அதன் தத்துவம். 1919 ஏப்ரல் 14ஆம் நாள், ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு மறுநாள், பஞ்சாபின் குஜ்ரன்வாலாவில் விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

ஜெனீவாவின் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் 1933ஆம் ஆண்டு பிரிட்டன் முன்வைத்த வரைவு விமானக் குண்டுவீச்சை முற்றாகத் தடைசெய்தது. ஆனால் கூடவே ஒரு விலக்கு: தொலைதூரப் பகுதிகளில் காவல் நடவடிக்கைக்காக மட்டும் அனுமதிக்கலாமாம். 1935 மே மாதம் பிரபுக்கள் சபையில் விமானத்துறை அமைச்சர் லண்டன்டெரி, மத்தியக் கிழக்கின் எல்லைகளிலும் இந்தியாவின் எல்லையிலுமாவது குண்டுவீச்சு விமானத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் காப்பாற்றத் தாம் பட்ட பாட்டைப் பெருமையோடு எடுத்துரைத்தார். ஐந்தே மாதங்களில் முஸோலினி எத்தியோப்பியாவைத் தாக்கினார். அவரைக் கண்டிக்க லண்டனுக்கு எந்த வாய் இருந்தது? அத்வாவில் குண்டு போட்டவரும் வாசிரிஸ்தானில் குண்டு போட்டவரும் ஒரே அகராதியைப் பயன்படுத்தினார்கள். இத்தாலி நஞ்சைச் சேர்த்தது என்ற வேறுபாடு பெரியது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் வேர் ஒன்று.

இந்திய தேசிய இயக்கம் இதை அன்றே புரிந்துகொண்டது. 1936 மார்ச்சில் மனைவியை இழந்து நாடு திரும்பிக்கொண்டிருந்த ஜவஹர்லால் நேரு, ரோம் வழியாகச் செல்ல நேர்ந்தபோது முஸோலினியைச் சந்திக்கும் அழைப்பை மறுத்தார். காங்கிரசின் அறைகூவலின்படி மே 9ஆம் நாள் நாடெங்கும் அபிசீனியா தினம் கடைப்பிடிக்கப்பட்டது. ரோமின் மாடத்திலிருந்து முஸோலினி பேரரசைப் பிரகடனம் செய்ததும் அதே நாள்தான்.

பேரரசு பிரகடனமானது, ஆனால் நாடு அடங்கவில்லை. 1936 ஜூன் இறுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த விமானத்தின் வரலாற்றில் தனி இடம் பெற வேண்டியது. மேற்குப் பகுதியைப் பேச்சுவார்த்தையால் வசப்படுத்தலாம் என்று விமானப்படைத் தளபதி மாலியோக்கோ தலைமையில் ஒரு குழு லெக்கெம்டிக்கு அருகில் சென்று இறங்கியது. வந்தவை மூன்று விமானங்கள். அவற்றுள் இரண்டு காப்ரோனி 133. எங்கும் இறங்கும் திறமே அதன் சிறப்பு அல்லவா? இரவில், ஹொலெட்டா இராணுவப் பள்ளியின் இளம் மாணவர்கள் இருந்த "கருஞ்சிங்கம்" என்ற எதிர்ப்புப் படையினர் முகாமைத் தாக்கினார்கள். குழுவில் ஒரே ஒரு பாதிரியார் மட்டும், அங்கே இல்லாததால், உயிர் தப்பினார். மூன்று விமானங்களும் தீக்கிரையாயின. வானம் இல்லாதவர்கள், வானத்தின் எஜமானர்கள் தரையில் தூங்கும் நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"தேசபக்தர்கள்" என்று பொருள்படும் அர்பெஞ்ஞோச் போராளிகள் ஐந்தாண்டும் போரிட்டார்கள். கிராமங்களை எரிப்பதும் குகைகளில் ஒளிந்தவர்கள்மீது நஞ்சு வீசுவதும் 1939 வரை தொடர்ந்தன. இப்போது காப்ரோனி ஒரு போலீஸ் வண்டி. இந்தக் கட்டத்தில் நுழைந்த மூன்று பேரைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. 1938 இறுதிக்கும் 1939க்கும் இடையே, சூடான் வழியாக இலியோ பரோந்தினி, அந்தோன் உக்மார், தொமேனிக்கோ ரொல்லா என்ற கம்யூனிஸ்டுகள் எத்தியோப்பியாவுக்குள் சென்றார்கள். பவுல், யோவான், பேதுரு என்ற மூன்று அப்போஸ்தலர்களின் பெயர்களே அவர்களுக்கு மறைபெயர்கள். பரோந்தினி அதற்கு முன் ஸ்பெயினில் குவாதலஹாராவில் பாசிச இத்தாலியப் படையைத் தோற்கடித்த கரிபால்டி படைப்பிரிவில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அவர்கள் கொரில்லாப் போர்முறையைக் கற்பித்தார்கள். ஒரு சிறு பத்திரிகையும் நடத்தினார்கள். இத்தாலியர்கள் குண்டு போட்ட நாட்டில், இத்தாலியர்களே அந்தக் குண்டிலிருந்து தப்பும் வழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். காப்ரோனியில் வந்தவர்களும் இத்தாலியர். கோவேறு கழுதையில் வந்த இவர்களும் இத்தாலியர். நாட்டின் பெயரைக் கொண்டு மக்களைச் சபிக்கும் பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த பதில் கிடைப்பது அரிது.

ஸ்பெயினில் என்ன நடந்தது என்பதையும் தொட்டுக்காட்ட வேண்டும். காரணம், அங்கே அந்த அனுமானம் முதன்முதலாகப் பொய்த்தது. 1936 ஜூலை 30ஆம் நாள் சார்தீனியாவிலிருந்து பன்னிரண்டு சவோயா-மார்கெட்டி 81 விமானங்கள் பிராங்கோவுக்கு உதவப் புறப்பட்டன. மூன்று வழியிலேயே நாசமாயின. ஒன்பது ஸ்பானிய மொராக்கோவில் இறங்கின. ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடந்த பிராங்கோவின் துருப்புக் கப்பல்களுக்கு அவை காவல் நின்றன. 1937 மார்ச் 31ஆம் நாள் பாஸ்க் நாட்டின் துராங்கோ ஊரில், பிரார்த்தனை நடந்துகொண்டிருந்த தேவாலயத்தின்மீதும் குண்டு போட்டன. காப்ரோனியைவிட வேகமானவை, வலிமையானவை. ஆனால் இவற்றின் சக்கரமும் மடங்காதது, மூன்று எஞ்சின் தத்துவமும் அதே. மாட்ரிட்டின் வானில் ஐ-15, ஐ-16 என்ற சோவியத் போர்விமானங்கள் எழுந்ததும் நிலைமை மாறியது. பகலில் பறப்பது உயிருக்கு உலையாயிற்று. இந்த விமானங்களைப் படிப்படியாக இரவு வேலைக்குத் தள்ளினார்கள். அதன் பெயர் "பிப்பிஸ்திரெல்லோ", அதாவது வௌவால். பெயருக்கு ஏற்ப இருட்டில்தான் வாழ முடிந்தது.

காப்ரோனி 133க்கு அந்த நாள் 1940 ஜூனில் வந்தது. இத்தாலி உலகப் போரில் குதித்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த இத்தாலிய விமானப்படையின் முதுகெலும்பு இந்தப் பசுதான். ஆறாண்டு முன்பே பழசான அது, இப்போது தென்னாப்பிரிக்க, பிரிட்டிஷ் போர்விமானங்களை எதிர்கொண்டது. நான்கு சிறு துப்பாக்கிகளும் துணிப் போர்வையும் எதற்கும் உதவவில்லை. சூயஸ் அடைபட்டது; உதிரிப்பாகம் வரவில்லை; தரையில் நின்ற விமானங்கள் குண்டுவீச்சிலேயே அழிந்தன. 1941இன் தொடக்கத்தில் எரித்திரியாவின் கெரன் மலைகளில் நடந்த கடும்போரின் சுமையைப் பெரும்பாலும் தாங்கியவை 4ஆம், 5ஆம் இந்திய டிவிஷன்கள். குண்டுவீச்சுக் காவலின்கீழ் வாழ்ந்த ஒரு காலனியின் மைந்தர்கள், குண்டுவீச்சால் காலனியாக்கப்பட்ட இன்னொரு நாட்டின் விடுதலைக்குப் பாதை திறந்தார்கள், அதுவும் தங்களை ஆண்டவர்களின் கொடியின்கீழ். 1941 மே 5ஆம் நாள், வீழ்ந்து சரியாக ஐந்தாண்டு கழித்து, பேரரசர் அடிஸ் அபாபாவுக்குத் திரும்பினார். எஞ்சிய காப்ரோனிகள் பிற முனைகளில் சரக்கும் காயம்பட்டோரும் சுமந்து கழிந்தன.

போருக்குப் பின் இத்தாலியில் நீண்ட மௌனம். நச்சு வாயு பயன்படுத்தப்படவே இல்லை என்று, அந்தப் போரில் பங்கேற்றவரும் புகழ்பெற்ற பத்திரிகையாளருமான இந்த்ரோ மொந்தனெல்லி போன்றவர்கள் பல்லாண்டுகள் சாதித்தார்கள். ஆவணக் காப்பகங்களைத் தோண்டிய வரலாற்றாளர் ஆஞ்செலோ தெல் போக்கா துரோகியென்று வசைபாடப்பட்டார். 1996ஆம் ஆண்டில்தான், அறுபது ஆண்டுகள் கழித்து, இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் அதிகாரபூர்வமாக உண்மையை ஒப்புக்கொண்டது. மொந்தனெல்லியும் தாம் தவறியதை ஒத்துக்கொள்ள நேர்ந்தது. எனினும் 2012இல் அஃபிலே என்ற ஊரில், எத்தியோப்பியாவின் கசாப்புக்காரன் எனப்பட்ட கிராட்சியானிக்கு நினைவகம் எழுப்பப்பட்டது.

1935ஆம் ஆண்டு, படையெடுப்புக்குச் சற்று முன், எத்தியோப்பியாவிலேயே ஒரு சிறு விமானம் கட்டப்பட்டது. லுட்விக் வேபர் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் வழிகாட்டலில் அது உருவாயிற்று. பேரரசரின் மகள் பெயரையொட்டி அதற்கு "ட்செஹாய்" என்று பெயரிட்டார்கள். சூரியன் என்று பொருள். அடிஸ் அபாபா வீழ்ந்தபோது இத்தாலியர்கள் அதைக் கைப்பற்றிக்கொண்டு போனார்கள். ரோமுக்கு அருகே விமானப்படை அருங்காட்சியகத்தில் அது பல பத்தாண்டுகள் நின்றது. 2024 ஜனவரியில் இத்தாலி அதை எத்தியோப்பியாவிடம் திருப்பிக் கொடுத்தது.